இமையின் மேல் ஒரு பூச்சு

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஊர்களில் கண்ணைக் கசக்காத பிள்ளைகளைக் காண்பது அரிது. கரிசல் காடுகளில் பருத்தி வெடித்து நிற்கும். அறுத்த மக்காச்சோளத்தின் தட்டை காய்ந்து சருகாகிக் காற்றில் பறக்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சிமெண்டு ஆலைகளுக்கு விரையும் லாரிகள், சாலையோர வீடுகளின் திண்ணைகளில் வெண்புழுதியைப் படியவைக்கும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காடுகள் பூத்துக் காய்க்கும் காலமும் அதுவே. இத்தனையும் கூடிக் கண்ணில் வந்து விழுகின்றன. கண் சிவக்கிறது, அரிக்கிறது, நீர் வடிகிறது.

அப்போது வீடுகளில் நடப்பது என்ன? சொட்டு மருந்து விடலாம் என்றால் பிள்ளை கண்ணைத் திறப்பதில்லை. இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் சொட்ட, மருந்து கன்னத்தில் வழிந்து காதில் போய்ச் சேர்கிறது. “சரி, இமை மேலாவது எதையாவது தடவி வைப்போம்” என்று தாய்மார் துணிகிறார்கள். அலமாரியில், படைக்குத் தடவிய களிம்பு பாதி நசுங்கிய டியூபில் மிச்சம் இருக்கும்; அல்லது பாட்டி உரைத்து வைத்த பற்று இருக்கும். மூடிய இமையின் மேல்தானே பூசுகிறோம், கண்ணுக்குள்ளா போகப்போகிறது என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணத்தைப் பற்றியே இம்மாதம் வாசகர்களோடு பேச விரும்புகிறோம். ஏனெனில், இமையின் மேல் பூசியது கண்ணுக்குள் போகும். அது போகும் என்பதை மருத்துவ உலகம் ஐயமற உறுதி செய்து, அதையே ஒரு சிகிச்சை முறையாகவும் ஆக்கிவிட்டது.

ஜப்பான் நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ‘சுகி’ என்னும் ஊசியிலை மரத்தின் மகரந்தம் மஞ்சள் புகைபோல் எழுந்து நகரங்களின் மேல் கவிகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலைச்சரிவுகளில் பெருமளவில் நடப்பெற்ற மரங்கள் அவை. வீடு கட்ட மரம் வேண்டும் என்று நட்டார்கள். மகரந்தமும் கூடவே வந்தது. அந்நாட்டு மக்களுள் மிகப் பலர் அம்மூன்று மாதமும் மூக்கைச் சிந்திக்கொண்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டும் இருப்பர். இவர்களுக்காக ஒசாகா நகரத்துச் சாண்டென் என்னும் மருந்து நிறுவனம் எபினாஸ்டின் என்ற மருந்தைச் சொட்டு மருந்தாக விற்றுவந்தது. முதலில் வந்த மருந்தை நாளுக்கு 4 முறை சொட்ட வேண்டும். பின்னர், அளவை இருமடங்காக்கி, நாளுக்கு 2 முறை என்று குறைத்தார்கள். 2024 மார்ச்சு மாதத்தில் அதே மருந்தை 0.5 விழுக்காடு கொண்ட களிம்பாக்கி, இமைத்தோலின் மேல் பூசுவதற்கு ஜப்பான் அரசின் ஒப்புதலைப் பெற்றார்கள். நாளுக்கு ஒருமுறை, மேலிமையிலும் கீழிமையிலும் வெளிப்புறமாகப் பூசினால் போதும். கண்ணைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒவ்வாமையால் வரும் கண் அழற்சிக்கு இவ்வகையில் வந்த முதல் மருந்து இதுவே.

சிறு செய்தி போலத் தோன்றும் இதன் உட்பொருளைச் சற்றே விரித்துக் காண்போம்.

சொட்டு ஏன் நில்லாது?

நம் கண்ணின் மேல் எப்போதும் நிற்கும் கண்ணீரின் அளவு ஏறத்தாழ 7 மைக்ரோ லிட்டர். ஒரு மில்லி லிட்டரை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே ஒரு மைக்ரோ லிட்டர். சீசாவிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் வரை இருக்கும். ஆழாக்கில் ஒரு படியை ஊற்றுவது போன்றது இது. விழுந்தவுடன் பெரும்பகுதி வழிந்துவிடுகிறது. எஞ்சியதையும் இமைகள் சிமிட்டிச் சிமிட்டி மூக்கோரத்திலுள்ள சிறு துளைகளின் வழியே மூக்கிற்குள் தள்ளிவிடுகின்றன. சொட்டு விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பது இதனாலேதான். கண்ணில் இட்ட மருந்தை நாக்கு சுவைக்கிறது! சில நிமிடங்களில் மருந்து கழுவுண்டுபோகிறது. விழியின் உட்பகுதியைச் சென்றடைவது நூற்றுக்கு ஐந்து பங்கும் இல்லை. ஆதலால் மீண்டும் மீண்டும் சொட்ட வேண்டியிருக்கிறது. பலமுறை திறக்கும் சீசாவில் கிருமி புகாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற காப்புப்பொருள், நாள்பட்டால் தானே கண்ணை உறுத்துவதும் உண்டு.

படைத்தவர் கண்ணுக்குக் கொடுத்த காவல் அது. தூசு விழுந்தால் கழுவி வெளியே தள்ளும் அதே ஏற்பாடு மருந்தையும் தூசாகவே கருதுகிறது. அதனைக் குறை கூற இயலாது.

களிம்பாக இட்டால் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும். கீழிமையைத் தாழ்த்தி உட்பள்ளத்தில் இடும் கண் களிம்புகளைப் பலரும் அறிவர். ஆயினும் அவை பார்வையை மங்கவைக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் வண்டி ஓட்டும் தந்தைக்கும் பகலில் இடுவது தொல்லை. இமைத்தோலின் மேல் பூசும் மருந்தில் இந்த இடையூறு இல்லை. தோலையே ஒரு களஞ்சியமாகக் கொண்டு, அங்கிருந்து சிறிது சிறிதாக உள்ளே இறங்கி, நாள் முழுதும் வேலை செய்கிறது அது.

தோல் ஒன்றே, தடிப்பு ஒன்றன்று

உடலை மூடியுள்ள தோல் எங்கும் ஒரே தன்மையது அன்று. உள்ளங்காலில் முள் குத்தினாலும் சில சமயம் நமக்குத் தெரிவதில்லை. இமையில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் தெரிகிறது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல்தான். அதன் அடியில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். தோல், அதன் கீழ் இமையை மூடும் தசை, அதற்கும் கீழ் அட்டை போன்ற ஓர் உறுதித்தகடு, கடைசியாக விழியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய சவ்வு. இவ்வளவே இமை. இத்தனை அடுக்கும் சேர்ந்தே சில மில்லி மீட்டர்தான்.

1967-ஆம் ஆண்டில் ஃபெல்ட்மன், மேய்பாக் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்தை உடலின் பல இடங்களில் தடவி, எங்கே எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தில் புகும் அளவை 1 என்று கொண்டால், உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடையின் ஓரத்தில் 13. ஒரே களிம்பு, ஒரே மனிதர். இடம் மாறினால் உள்ளே புகும் அளவு இத்தனை மடங்கு மாறுகிறது. நெற்றியைவிட மெல்லியது இமையின் தோல் என்பதை நினைவில் கொண்டால், இமையில் தடவிய மருந்து எத்துணை எளிதில் இறங்கும் என்பது விளங்கும். இறங்கிய மருந்து குருதியில் கலந்து உடலெல்லாம் சுற்றிக் கண்ணுக்கு வரவேண்டும் என்பதும் இல்லை. அடுத்த அடுக்கே கண்ணின் சவ்வு. நேரே அங்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வாமையில் சிவந்து வீங்கி அரிப்பது அந்தச் சவ்வுதான். ஹிஸ்டமின் என்னும் பொருள் அங்கே சுரந்து அரிப்பை உண்டாக்குகிறது; எபினாஸ்டின் அதனைத் தடுக்கிறது. நோய் இருக்கும் இடத்திற்குப் பின்வாசல் வழியாகப் போவது என்று இதைச் சொல்லலாம்.

மெல்லிய தோலாதலின், இமை மிக விரைவில் கோபிக்கும் இடமுமாகும். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் ஒட்டியிருக்கும் தோட்டு எண்ணெய், விரல் தோலைக் கறுக்கச் செய்வதோடு நிற்கலாம். அதே விரலால் கண்ணைத் துடைத்தால் மறுநாள் இமைகள் பணியாரம் போல் வீங்கிவிடும். தலைக்குப் பூசும் சாயமும் நகப்பூச்சும் அவ்வாறே. கை செய்த வேலைக்கு இமை கணக்குத் தீர்க்கிறது.

பழையவர்கள் அறிந்திருந்தார்கள்

இமையின் வெளிப்புறம் மருந்து பூசும் முறையை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் முன்பே கையாண்டுள்ளனர். சார்ங்கதர சம்ஹிதை என்னும் பழைய ஆயுர்வேத நூல் கண்ணுக்குச் செய்யும் சிகிச்சைகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ‘விடாலகம்’ என்பது ஒன்று. கண்ணை மூடச் செய்து, இமைமயிரை விலக்கி, இமைகளின் வெளிப்புறம் மட்டும் மருந்தரைப்பைப் பூசுவதே விடாலகம். கண்ணுக்குள் சொட்டுவதற்கு ஒரு பெயர், மை தீட்டுவதற்கு மற்றொரு பெயர், வெளியே பூசுவதற்கு இப்பெயர் என்று அவர்கள் பிரித்து வைத்திருந்த நுட்பம் வியக்கத்தக்கது.

நம் சித்த மருத்துவமும் புறமருந்துகளை 32 என வகுக்கிறது. பற்று, பூச்சு, ஒற்றடம், மை, கலிக்கம், களிம்பு ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். கண்ணுக்குள் இடுவது கலிக்கம். மேலே இடுவது பற்று. கண்கட்டிக்கு நாமக்கட்டியை உரைத்துப் பூசும் பழக்கம் இன்றும் நம் ஊர்களில் உண்டு. ஏலாக்குறிச்சியில் தங்கி அடைக்கல அன்னைக்குக் கோயில் கண்ட வீரமாமுனிவர் பெயராலும் மருத்துவ நூல் வழங்குகிறது. அரியலூர்ச் சீமையின் ஆட்சியாளர் ஒருவரின் பிளவைப் புண் அங்கே குணமான வரலாற்றை அவ்வூர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். பூச்சு மருந்து இந்த மண்ணுக்குப் புதிதன்று.

திருநூலைப் படிப்பவர்களுக்கும் இது புதிதன்று. கண் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்ளுமாறு லவோதிக்கேயா சபைக்குத் திருவெளிப்பாட்டு நூலில் அறிவுரை வருகிறது. பிறவிக் குருடரின் கண்களில் ஆண்டவர் சேறு பூசியதை யோவான் எழுதுகிறார். நாம் இங்கே சுட்ட விரும்புவது இவ்விரண்டையும் அன்று; தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தையே. குருவியின் எச்சம் விழுந்து தோபித்தின் கண்களில் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. அவர் மருத்துவர்களிடம் போகிறார். அவர்கள் மருந்து தடவத் தடவ, பார்வை மேலும் மேலும் மங்கி, முற்றிலும் போய்விடுகிறது. மீனின் பித்தப்பையால் கண் திறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், தடவத் தடவக் கண் போன கதையைச் சொல்லாமல் கடந்துவிடுகிறோம். நம் ஊர்களுக்கு வேண்டியது அந்த முன்பாதியே.

எது இறங்குகிறது?

மேலே சொன்ன ஜப்பானிய மருந்து இமை வழியாக இறங்குகிறது, நன்மை செய்கிறது. அதே கதவின் வழியாகப் பிறவும் இறங்குமன்றோ? தோல் நோய்களுக்குத் தடவும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. பீட்டாமெத்தசோன், குளோபிடசால் முதலிய பெயர்கள் டியூபின் மேல் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். படை, சிரங்கு, அரிப்பு எதற்குத் தடவினாலும் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அடங்குவதால் மக்களுக்கு அதன் மேல் நம்பிக்கை. முகம் வெளுக்கும் என்று பூசுகின்ற இளம்பெண்களும் உண்டு.

ஸ்டீராய்டு மருந்து கண்ணில் பட்டு நாள்பட்டால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். விழிக்குள் ஒருவகை நீர் ஓயாமல் சுரந்து, ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு அந்த வடிகாலை அடைக்கிறது. வாய்க்கால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவது போல் உள்ளே அழுத்தம் பெருகும். பார்வை நரம்பு நசுங்கும். இதுவே கண் அழுத்த நோய். மூன்றில் ஒருவருக்கு ஓரளவும், நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு மிகுதியாகவும் அழுத்தம் ஏறும் தன்மை இருப்பதை 1960-களிலேயே கண்டறிந்தார்கள். யார் அந்த நால்வர், யார் அந்த ஐவர் என்பது முகத்தில் எழுதியிருக்கவில்லை. கண்ணுக்குள் சொட்டினால்தான் இப்படி ஆகும் என்று எண்ண வேண்டா. இமைத்தோலின் மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவிவந்தவருக்கும் இந்நோய் வந்ததை 1976-லேயே பிரிட்டனின் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. கண்புரையும் இளவயதிலேயே விழக்கூடும்.

கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்றில் நாம் பங்குப் பணியாற்றிய நாள்களில் கண்டதை இங்கே சொல்கிறோம். பதினொரு வயதுப் பையன். தாய் தந்தையர் திருப்பூரில் வேலை, வளர்த்தது பாட்டி. கோடைதோறும் கண் அரிப்பால் அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. பாட்டி கடையில் கேட்டு வாங்கிய ஒரு டியூபை இரவுதோறும் அவன் இமைகளில் தடவிவந்தார். ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் அந்த டியூபோடு வந்து, “சாமி, இதை மந்திரிச்சுக் குடுங்க, இதாலதான் புள்ளைக்கு அரிப்பு நின்னிருக்கு” என்றார். “எத்தனை நாளா தடவுறீங்க ஆயா?” என்று கேட்டோம். “போன பங்குனியிலேருந்து சாமி” என்றார். அப்போது மார்கழி நடந்துகொண்டிருந்தது.

பையனை அருகில் அழைத்தோம். கண்ணில் சிவப்பில்லை, அரிப்பில்லை, தெளிவாகவே இருந்தது. ஆனால் வாசற்படி அருகே கிடந்த வாளியில் இடறி நடந்தான். ஆசிரியையிடம் கேட்டதில், சில வாரங்களாகப் பக்கத்தில் வருபவரைக் கவனிப்பதில்லை, விளையாடும்போது பந்து ஓரத்தில் வந்தால் தெரிவதில்லை என்றார். நகரத்து மருத்துவமனையில் பரிசோதித்தபோது இரு கண்களிலும் அழுத்தம் மிகுந்திருந்தது. ஒரு கண்ணின் நரம்பு ஓரளவு பட்டுப்போயிருந்தது. களிம்பை நிறுத்தி, மருந்து கொடுத்து, எஞ்சிய பார்வையைக் காப்பாற்றினார்கள். போனது வரவில்லை, இந்நோயில் போன பார்வை திரும்புவதில்லை. பாட்டி அழுததைப் பற்றி எழுத நமக்கு மனம் வரவில்லை. அவர் அன்பில் குறை வைத்தாரா? ஓர் இரவும் தவறாமல் தடவினார்.

வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓரப்பார்வை மட்டும் ஓசையின்றிக் குறைந்துகொண்டே வரும் என்பதே இந்நோயின் கொடுமை. அரிப்பு அடங்கியதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் நரம்பு போய்க்கொண்டிருக்கும்.

ஸ்டீராய்டே நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. தேவைப்படும்போது மென்மையான ஒன்றைச் சில நாள்களுக்கு மட்டும் இமைக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுப்பார்கள். அளக்காமல், எழுதாமல், கடையில் பெயர் சொல்லி வாங்குவதே கேடு. நடுவண் அரசு 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, நம் கடைத்தெருவிற்கு அது முழுதும் வந்து சேர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

குழந்தைக்குத் தீட்டும் மையைப் பற்றியும் ஒரு சொல். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துக் கரி பிடிக்கும் வீட்டு மை ஒன்று. கடையில் விற்கும் சுருமா வேறு. அவற்றுள் சில, காரீயக் கல்லை அரைத்துச் செய்தவை. காரீயம் பிள்ளையின் அறிவு வளர்ச்சியைத் தாக்கும் நஞ்சு. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கிறது. பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மையாயினும் விரல் நுனியின் அழுக்கும் நகமும் கண்ணுக்குள் போகாமல் தீட்டுவது அரிது. கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாலே கண்ணேறு கழியாதா!

இமைப் பூச்சுக்கு எட்டாதவை

இமை வழியே எல்லா நோய்க்கும் மருந்து அனுப்பிவிடலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அரிப்பும் ஒவ்வாமையும் இமைக்கு அடுத்த சவ்வில் இருப்பவை, அதனால் எட்டுகிறது. கருவிழியில் விழுந்த புண்ணுக்கு அது போதாது. நம் பகுதியில் அஞ்ச வேண்டியது அந்தப் புண்ணையே. மக்காச்சோளத் தோகை அறுத்துவிடும். நெற்கதிரின் சுணை குத்தும். மாட்டின் வால் அடிக்கும். சிறு கீறல்தான். அதில் காளான் கிருமியோ வேறு கிருமியோ குடியேறினால் சில நாள்களில் கருவிழி வெளுத்துவிடும். மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கொன்று, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் தெரிவித்தது. வயலில் உழைப்போரே அவர்களுள் மிகுதி.

இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. நேபாளத்தில் பக்தப்பூர் என்னும் பகுதியில் ஊர்த் தொண்டர்களைப் பழக்கி, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு 1 விழுக்காடு குளோராம்ஃபெனிகால் கண் களிம்பை நாளுக்கு 3 முறை, 3 நாள் இட்டார்கள். 2001-இல் வெளிவந்த அந்த ஆய்வில் கீறல் பட்டோர் 442 பேர். அடிபட்ட 18 மணி நேரத்திற்குள் களிம்பு இட்டுக்கொண்டவர்களுள் ஒருவருக்கும் புண் வரவில்லை. காலம் தாழ்த்தி வந்தவர்களுக்கே வந்தது. பின்னர் மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் காளான் மருந்தைச் சேர்த்து இம்முறையைச் செய்து பார்த்து, 2006-இல் நற்பயனை வெளியிட்டார்கள். கவனிக்க: இந்தக் களிம்பு இமையின் மேல் பூசுவதன்று, கீழிமையின் உள்ளே இடுவது. இலைச்சாறும் தாய்ப்பாலும் அந்தக் கீறலில் விடுவது கிருமியை விருந்துக்கு அழைப்பதாகும். வயலில் கண்ணில் அடிபட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதில் அந்த 18 மணி நேரம் கழிந்துவிடுகிறது.

அரியலூர்க்காரர்களுக்கு மற்றொன்று. சுண்ணாம்போ நனைந்த சிமெண்டோ கண்ணில் விழுந்தால் எந்தக் களிம்பையும் தேடக்கூடாது. சுண்ணாம்பு காரம், தங்கும் ஒவ்வொரு நிமிடமும் கருவிழியை வேகவைக்கும். குழாயடியிலோ கிணற்றடியிலோ அப்படியே படுக்கவைத்து, இமையைப் பிரித்துப் பிடித்து, அரைமணி நேரம் குறையாமல் நீர் ஊற்ற வேண்டும். இமைக்குள் ஒட்டிய சுண்ணாம்புத் துணுக்கை ஈரத்துணியின் நுனியால் எடுத்துவிட வேண்டும். மருத்துவமனைப் பயணம் அதற்குப் பிறகுதான். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைப் பிள்ளைகள் பிதுக்கி விளையாடும் வீடுகளும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கண்கட்டிக்குப் பாட்டிமார் கொடுக்கும் ஒற்றடத்தை மட்டும் நாம் மனமாரப் பரிந்துரைக்கிறோம். இமையின் விளிம்பில், மேலே 25 முதல் 40 வரையும் கீழே 20 முதல் 30 வரையும் நெய்ச் சுரப்பிகள் வரிசையாக உள்ளன. அவற்றின் வாய் அடைபட்டால் கட்டி வரும். பொறுக்கும் சூட்டில் நனைத்த தூய துணியை ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒற்றினால் உறைந்த நெய் இளகி வழி திறக்கும். பெரும்பாலான கட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் அதனாலேயே அடங்கிவிடும். பிதுக்கக் கூடாது. பார்வை மங்கினாலோ வீக்கம் கன்னம் வரை பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ ஒற்றடத்தோடு நிற்கக் கூடாது.

இனி, கண் அரிக்கும் பிள்ளையைப் பற்றி. கசக்கவிடாமல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் வைத்தால் பாதி அரிப்பு அடங்கும். விளையாடி வந்ததும் முகமும் கையும் கழுவச் செய்வது அடுத்தது. அதற்கும் அடங்காவிடில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு கலவாத சொட்டு மருந்துகள் பல உண்டு. பிள்ளை கண்ணைத் திறக்க மறுத்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் கதை சொல்லத் தொடங்குங்கள். கதை கேட்கும் ஆவலில் கண்ணைத் திறக்கும்போது மருந்து தானே உள்ளே இறங்கும். உடனே மூக்கோரத்தை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால் தொண்டைக்குப் போவதும் குறையும்.

வீட்டிலுள்ள டியூப்களை இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு உரியது என்று அச்சிடாத எதுவும் இமைக்கு உரியது அன்று. அச்சிட்டதாயினும், திறந்து ஒரு மாதம் ஆனால் குப்பைக்குப் போகட்டும். இதுவரை எதையேனும் பிள்ளையின் இமையில் நாள்தோறும் தடவி வந்திருந்தால், கண்ணில் குறை தெரியாவிட்டாலும் ஒருமுறை அழுத்தத்தை அளந்துவிடுங்கள். சில நிமிட வேலைதான். மருத்துவர் முதலில் கேட்பது, ‘என்ன களிம்பு தடவினீர்கள்?’ என்றுதான். ‘வெள்ளை டியூப், பச்சை எழுத்து’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. தீர்ந்து நசுங்கிப் போயிருந்தாலும் அந்த டியூபையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.